அண்ணி வெட்டப் போன மரம்

1

இந்தக் கதை பிறந்த இடம் என் அண்ணியின் கழுத்து. இதைவிட கௌரவமான இடம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் காட்டுக்குப் பயிற்சிப் பயணம் போய்த் திரும்பியவள், பெட்டியைக் கூடத்தில் போட்ட கையோடு, "கழுத்து பிடிச்சுக்கிச்சு, கொஞ்சம் தைலம் தேச்சு விடேன்" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். விமானத்தில் கோணலாகத் தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

"விமானமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணாந்து பாத்துப் பாத்தே இப்படி ஆயிடுச்சு."

"அவ்வளவு நேரம் எதைப் பாத்தீங்க அண்ணி?"

"மரத்தைத்தான்."

மரத்தைப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்ட ஒருத்தியை நான் அதுவரை கண்டதில்லை. தைலம் தேய்த்த கையைக் கழுவுவதற்கு முன்பே, இதை எழுதிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

(வீட்டில் அண்ணிக்கு 'வாங்க, போங்க'தான். கதையில் 'அவள்' என்று எழுதுகிறேன். 'அவர்' என்று போட்டால் கதாபாத்திரங்கள் நேராக மேடையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். காட்டுக்குள் நடக்க மாட்டேன் என்கிறார்கள்.)

2

முதல் தொடக்கம்: "அந்தக் காட்டில் மரங்கள் வானத்தைத்"

கை தன்போக்கில் 'தொட்டன' என்று முடிக்கப் போனது. எல்லாக் கதைகளிலும் மரங்கள் வானத்தைத் தொட்டபடிதான் நிற்கின்றன. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "விமானம் தரையிறங்கியபோது அவள் மனம் மட்டும் இன்னும்"

இன்னும் என்ன? எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவதை அண்ணியிடமே கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அந்த மரத்தை முழுசாப் பாக்கணும்னா பின்னாலயே நடந்துட்டுப் போகணும். போய்ட்டே இருப்ப. முதுகு இன்னொரு மரத்துல இடிக்கும். அப்பவும் முழுசாத் தெரியாது."

எழுதுகிற தொழிலில் இருப்பவள் நான். இந்த நாலு வரி அவள் வாயில் தைல வாசனையோடு வருகிறது. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

3

அண்ணி யார் என்று சொல்லாமல் மேலே போனால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

அவள் வனத்தொழில் பயிற்சி நிலையத்தில் ஆசிரியை. விதை ஊன்றுவது, நாற்று வளர்ப்பது, பதியம் போடுவது இவையெல்லாம் அவள் வகுப்பு. மரம் வெட்டும் வகுப்பு பக்கத்துக் கொட்டகையில் நடக்கிறது. அதில் பையன்கள் மட்டும். பெண்கள் சேரக்கூடாது என்று விதி ஏதும் கிடையாது. யாரும் சேர்ந்ததில்லை, அவ்வளவுதான். அவளிடம் படிக்கும் பெண்கள், "நாங்க வளக்க மட்டுமா மிஸ்?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணி விடுமுறை நாட்களில் போய், கீழே கிடக்கும் கட்டைகளை அறுத்து அறுத்து மெஷின் ரம்பம் பழகிக்கொண்டாள். வீட்டுக்கு வரும்போது தலைமுடியெல்லாம் மரத்தூள் இருக்கும். என் அண்ணன் தட்டிவிடுவான்.

பிறகு நிலையத்தின் முதல்வரிடம் போய் நின்றாள். பெண்களுக்கு வெட்டும் வகுப்பு வேண்டும், தானே எடுக்கிறேன் என்றாள். முதல்வர் கெட்டவர் இல்லை. தயங்குகிறவர். அந்தச் சமயத்தில்தான் இந்தப் பரிமாற்றப் பயணம் வந்தது. இங்கிருந்து இரண்டு ஆசிரியர்கள் அங்கே போய் அவர்கள் காட்டில் வேலை பார்ப்பது, பிறகு அங்கிருந்து இரண்டு பேர் இங்கே வருவது.

"போயிட்டு வாங்க," என்றார் முதல்வர். "அங்க நிக்கிற மரம் ஒண்ணை உங்க கையால வெட்டி இறக்கிட்டு வாங்க. வந்து சொல்லுங்க. அடுத்த மாசமே வகுப்பை ஆரம்பிச்சிடலாம்."

கதையில் பணயம் எங்கே இருக்கிறது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். இதோ இங்கே இருக்கிறது. ஒரு மரம்; ஒரு வகுப்பு.

4

காட்டை வர்ணிக்க வேண்டிய இடம். நான் அந்தக் காட்டைப் பார்த்ததில்லை. அண்ணியின் போனில் படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மரத்தின் கால் மட்டும்தான் விழுந்திருக்கிறது. ஒரு படத்தில், கூடப் போன இன்னொருவர், மரம் அளக்கக் கற்றுத்தரும் அளவை ஆசிரியர், அடிமரத்தோடு ஒட்டி நிற்கிறார். யாரோ சாத்தி வைத்துவிட்டு மறந்துபோன குடை மாதிரி இருக்கிறார்.

ஆகவே அண்ணி சொன்னதிலிருந்து எழுதுகிறேன். தரையெல்லாம் பாசி. கால் வைத்தால் சத்தம் வராது. எதிரே வருகிறவர் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்தது தெரியும். என்றோ விழுந்த மரம் ஒன்று குறுக்கே கிடக்கிறது. அதன் முதுகின் மேல் வரிசையாக இளங்கன்றுகள், யாரோ நூல் பிடித்து நட்டது போல நிற்கின்றன. யாரும் நடவில்லை. விழுந்த மரம் மக்கிக்கொண்டே தன் மேல் விதைகளை முளைக்க விட்டிருக்கிறது. நாற்றங்கால் போடுவதையே பிழைப்பாகக் கொண்ட என் அண்ணி, அதன் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பாத்தி கட்டி, மண்ணைச் சலிச்சு, நிழல் வலை போட்டு, என்னென்னமோ பண்றேன். அது பாட்டுக்குச் செத்துக் கிடந்துக்கிட்டே எவ்வளவு அழகா நாத்து விட்டிருக்கு! எனக்குப் பேச்சே வரல."

அண்ணிக்குப் பேச்சு வராமல் போன சந்தர்ப்பம் எங்கள் குடும்பத்தில் பதிவாகியிருப்பது இது ஒன்றுதான்.

அடுத்து, மரம் விழுவதைப் பார்த்தாள். வெட்டியவர் அங்கத்திய குழுத்தலைவர். அண்ணி அவரை மேஸ்திரி என்றுதான் சொல்கிறாள். (அவருடைய மொழி இவளுக்குத் தெரியாது, இவளுடையது அவருக்குத் தெரியாது. இருவருக்கும் பாதி தெரிந்த மூன்றாவது மொழி ஒன்றில் பேசிக்கொண்டார்கள். கதையில் எல்லோரும் தமிழில் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தது அதுதான்.) மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை எடுத்தார். பிறகு பின்னால் வந்து அறுத்தார். நடுவில் பட்டையாகக் கொஞ்சம் மரத்தை மட்டும் அறுக்காமல் விட்டார். கதவுக்குக் கீல் இருப்பது போல, விழுகிற மரத்துக்கு அந்தப் பட்டைதான் கீல். அது பிடித்துக்கொண்டால் மரம் சொன்ன இடத்தில் விழும். அது உளுத்திருந்தால் மரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கீழே நிற்பவர் கதை அங்கேயே முடிந்தது.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு வெகு உயரத்தில் உச்சி மட்டும் லேசாக நகர்ந்தது. அதற்கப்புறம்தான் கீல் முறியும் ஓசை. அதற்கப்புறம் காற்று, காடே ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டது போல. பிறகு தரை அதிர்ந்தது; அது காதுக்கு வரவில்லை, காலணி வழியாக முட்டிக்கு வந்தது. எல்லாம் அடங்கிய பிறகும் ஊசி இலைகள் மழை போல உதிர்ந்துகொண்டே இருந்தன. அண்ணாந்து பார்த்தால், சற்று முன்பு வரை அங்கே இல்லாத வானம் ஒரு துண்டு. அதன் வழியாக வெயில் இறங்கித் தரையில் விழுந்தது. அந்தத் தரை வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. இதைக் கேட்டு எழுதுகிற எனக்கும்தான்.

வெட்டி முடித்ததும் குழுவில் எல்லோரும் அசையாமல் நின்று மேலே பார்த்தார்களாம். நான் இப்படி எழுதியிருந்தேன்: "மாண்டுபோன மரத்துக்கு அஞ்சலி செலுத்துவது போல, அவர்கள் வானத்தை நோக்கி"

அண்ணி படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"அஞ்சலியாவது! ஒடிஞ்ச கிளை எதுவும் மேல மாட்டித் தொங்குதான்னு பாக்குறாங்க. தலையில விழுந்தா அவங்களுக்கு நாமதான் அஞ்சலி செலுத்தணும்."

அடித்துவிட்டேன். ஆனாலும் ஆபத்தைத் தேடுகிற முகத்துக்கும் வியந்து நிற்கிற முகத்துக்கும் கீழிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது என்று இன்னும் எனக்குத் தோன்றுகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

வெட்டிய அடிக்கட்டையில் அவள் கை வைத்தபோது சில்லென்று ஈரமாக இருந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டே இருந்தது. "வேருக்கு இன்னும் சேதி போகல போல" என்றாள்.

"பாவமா இல்லையா அண்ணி?"

"பாவமாவும் இருந்துச்சு. நாமளும் இப்படி ஒண்ணை இறக்கணும்னும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல. ரெண்டுல ஒண்ணை நீ விட்டுட்டு எழுதினன்னா, கதையை நான் படிக்கவே மாட்டேன்."

5

ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்: அளவை ஆசிரியர்.

பெண் ஒருத்தி மெஷினைத் தூக்குகிறாள் என்றால் பக்கத்தில் ஒரு ஆண் இளக்காரமாகச் சிரிக்க வேண்டும். கதை என்றால் அப்படித்தான். ஆகவே அவருக்கு ஒரு மீசை வைத்து, அதை முறுக்க விட்டு, "இதெல்லாம் பொம்பளைங்களுக்கு"

இந்த இடத்தில் அண்ணி தாளைப் பிடுங்கிவிட்டாள். "அவருக்கு மீசையே கிடையாது. நல்ல மனுஷன். போன இடத்துல குளிருக்கு ரெண்டு காலுறை அவருதான் குடுத்தாரு. அவரை ஏன் இப்படி வாரி விடுற?"

அவர் இளக்காரமாகச் சிரிக்கவில்லை. வேறொன்று செய்தார். அது எனக்கு இன்னும் தலைவலியாக இருக்கிறது. வரும்.

6

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தின் அருகில் நிற்கிற யார் வேண்டுமானாலும், தலைவரானாலும் சரி, நேற்று வந்த விருந்தாளியானாலும் சரி, கையைத் தூக்கலாம். தூக்கினால் மெஷின் நிற்கும். அந்த மரத்தை இனி யாரும் வெட்டக்கூடாது என்பதற்கு அடையாளமாக ரிப்பன் கட்டிவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஏன் தூக்கினாய் என்று அன்றைக்கும் கேட்க மாட்டார்கள், பிறகும் கேட்க மாட்டார்கள். கை தூக்கியவர் அன்று முழுக்க மெஷினைத் தொடுவதில்லை. தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். பயந்த கை தைரியத்தைக் காட்டப் பார்க்கும் என்பதற்காக.

இதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்க வேண்டும் என்று நான் ஒரு பக்கத்துக்கு அளந்து விட்டிருந்தேன். அண்ணி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். மேஸ்திரி சொன்னது இவ்வளவுதான்:

"காரணம் கேட்டோம்னு வைங்க, அடுத்த தடவை காரணம் கிடைக்கிற வரைக்கும் கையைத் தூக்க மாட்டாங்க. மரம் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது."

7

கடைசி நாள். மறுநாள் விமானம். அண்ணிக்கு ஒரு மரத்தைக் காட்டினார்கள்.

பெரியதுதான். ஆனால் அந்தக் காட்டில் அது நடுத்தரம். மேஸ்திரி சுற்றி வந்து பார்த்தார். நல்ல மரம் என்றார். அண்ணியும் சுற்றி வந்தாள். கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிக்கொண்டே போனாள். உள்ளே கெட்டியாக இருந்தால் ஓசை கணீரென்று வரும், உளுத்திருந்தால் தொம்மென்று வரும். கணீர், கணீர், கணீர். ஓர் இடத்தில் மட்டும் வேறு மாதிரி. திரும்பத் தட்டினாள், கணீர். இன்னொரு முறை, கணீர்.

மரம் சாயும்போது விலகி ஓடுவதற்கான வழியைப் பார்த்து வைத்துக்கொண்டாள். ஹெல்மெட்டை இறக்கினாள். மெஷினை உதைத்துக் கிளப்பினாள்

("உதைச்சுக் கிளப்ப அது என்ன வண்டியா? கயிறை இழுக்கணும்.")

கயிற்றை இழுத்தாள். மெஷின் கையில் துடித்தது. பட்டைக்கு அருகில் கொண்டுபோனாள். இதற்காகத்தான் கட்டைகளை அறுத்துப் பழகியது, இதற்காகத்தான் முதல்வர் அறையில் போய் நின்றது. அன்று காலையில்கூட மாணவிகளிடமிருந்து குரல்செய்தி வந்திருந்தது. ஒரே கூச்சலுக்கு நடுவே ஒருத்தி மட்டும் தெளிவாக, "மிஸ், மரம் விழுறப்ப வீடியோ எடுங்க மிஸ்!" என்றாள். மேஸ்திரி இரண்டு மரம் தள்ளி நின்று தலையசைத்தார்.

அண்ணி மேலே பார்த்தாள். உச்சி தெரியவில்லை. அவ்வளவு பெரிய உயிர் ஒன்று, ஒரு சத்தமும் போடாமல், அவள் என்ன செய்யப் போகிறாள் என்பதைப் பற்றிக் கவலையே படாமல் நின்றது. கணீரென்ற ஓசைகள் போன இடம் தெரியவில்லை. அந்த ஓர் ஓசை மட்டும் கைக்குள் இருந்தது.

கையைத் தூக்கினாள்.

மெஷினை அணைத்தாள். குழுவில் ஒருவர் வந்து ரிப்பனைக் கட்டினார். யார் முகமும் மாறவில்லை. அளவை ஆசிரியர் மட்டும் பதறி ஓடி வந்து, நம் மொழியில், "ஏன்?" என்றார். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. அவர் ஆசிரியரின் கையில் தேநீர்க் கோப்பையைத் திணித்தார்.

அண்ணி அந்த மரத்தின் கீழேயே உட்கார்ந்து குடித்தாள். அவமானமாக இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். கண்ணில் தண்ணீர் வந்ததாம். "ஆனா அண்ணாந்து பாத்தேன் பாரு, எல்லாம் மறந்து போச்சு. இப்படி ஒண்ணு நிக்கிற உலகத்துல நானும் இருக்கேனேன்னு இருந்துச்சு. வேற என்னன்னு சொல்றது?"

8

முடிவுகள்.

(அ) அன்றிரவு புயல் அடிக்கிறது. மரம் சாய்கிறது. உள்ளே பார்த்தால் பொந்து! அண்ணி கையைத் தூக்கியது சரி. மேஸ்திரி போன் செய்து தழுதழுக்கிறார். இதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அப்புறம் அண்ணி, "புயலும் இல்ல, போனும் இல்ல. நல்லா வெயிலடிச்சுது" என்றாள்.

(ஆ) அவள் மரத்தின் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டாள். வாசகர்களுக்குப் பிடிக்கும். பொய். அவள் வெட்டத்தான் போனாள்.

(இ) இதுதான் அளவை ஆசிரியர் செய்தது. திரும்பி வரும்போது விமானத்தில், குரலைத் தாழ்த்தி, "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். வெட்டிட்டேன்னு சொல்லிடுங்க. பாவம், பொண்ணுங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாராம். வில்லன் ஒருவன் இப்படிச் சொன்னால் உதறிவிடலாம். நல்ல மனுஷன் சொன்னால் என்ன செய்வது?

நானும் என் பங்குக்கு மூக்கை நுழைத்தேன். "பொய் வேணாம் அண்ணி. மரம் உள்ள உளுத்திருந்துச்சுன்னு சொல்லிடுங்க."

"உளுத்திருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே."

"அப்ப பயந்துட்டீங்களா?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, நிதானமாக, "அதுவும் தெரியாதே" என்றாள்.

மரத்தை அறுத்திருந்தால் தெரிந்திருக்கும். அறுக்காததால் இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் இந்த வரியை எழுதும்போதும், நீங்கள் இதைப் படிக்கும்போதும், கெட்டியாகவோ பொந்தாகவோ, அது அங்கே நின்றுகொண்டிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இத்தனை பெரிய ஒன்றை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே விட்டுவிட்டு வர ஒருத்தியால் முடிந்திருக்கிறதே!

9

நாளைக் காலை அண்ணி முதல்வரைப் பார்க்கப் போகிறாள். என்ன சொல்லப் போகிறாள் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். "வெட்டல சார். கையைத் தூக்கிட்டேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது தன்னுடையதாக இருக்காது என்கிறாள்.

முதல்வர் என்ன சொல்வார் என்று எழுத நான் நாலைந்து முறை உட்கார்ந்தேன். "முதல்வர் எழுந்து நின்று" என்று ஒருமுறை. "முதல்வர் உதட்டைப் பிதுக்கி" என்று ஒருமுறை. இரண்டும் நகரவில்லை. அவர் என்ன சொல்வார் என்பதை நான் தீர்மானித்தால், அவளுக்கு நீதி கிடைத்தாலும் அது நாத்தனார் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

ஆகவே, தயவுசெய்து எழுந்து வாருங்கள். அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். முதல்வர் நீங்கள்தான்.

மேசை மேல் கண்ணாடி, அதன் கீழே வகுப்புகளின் நேரப் பட்டியல். பெண்களுக்கான மரம் வெட்டும் வகுப்புக்கு என்று ஒரு கட்டம் காலியாக விடப்பட்டிருக்கிறது, விட்டவர் நீங்கள்தான். ஜன்னலுக்கு வெளியே மாணவிகள் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒருத்தியின் குழாயிலிருந்து தண்ணீர் பாத்தியை விட்டு வழியில் ஓடுகிறது. அவள் இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணி உள்ளே வருகிறாள். சொல்கிறாள். வெட்டவில்லை. கையைத் தூக்கிவிட்டேன்.

உங்கள் வாயில் 'ஏன்' என்ற சொல் வந்து நிற்கிறது. நியாயமான சொல்தான். நானும் கேட்டேன், அளவை ஆசிரியரும் கேட்டார். நீங்கள் கேட்டால் அவள் நின்றபடியே, தெரியாது என்பாள். கேட்காமல் விட்டால், நாளைக்கு இந்தப் பெண்களில் யாராவது ஒருத்தி ஏதோ ஒரு மரத்தடியில் காரணமில்லாமல் கையைத் தூக்கலாம். அது நல்லதா கெட்டதா என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கான பேனா உங்களிடம்தான் இருக்கிறது.

எதைச் செய்வதானாலும் செய்யுங்கள். ஆனால் அவள் வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். முதலில் உட்காரச் சொல்லுங்கள்.